ரப்பர், போர்ட் சுவெட்டன்ஹாம், ரிட்லியின் ஆர்வம்: கண்காட்சியில் எதற்கு எவ்வளவு இடம்?

காப்பார் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள எங்கள் காப்பார் வட்டாரத்தில் முன்பு ரப்பர்த் தோட்டங்களாக இருந்த நிலங்களில் ஒரு பகுதி செம்பனைக்கும், எஞ்சியது வீடமைப்புப் பகுதிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் மாறிவிட்டது. லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறார்கள்; அவர்களுள் பெரும்பாலோர் பால் மரத்தைப் பாடநூல் படத்தில் மட்டுமே கண்டவர்கள். அப்பிள்ளைகளில் சிலர், ரப்பர் இந்நாட்டுக்கு வந்த வரலாற்றையும் அது கப்பலேறிய போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தின் வரலாற்றையும் சேர்த்து, வரும் பள்ளி விடுமுறையில் ஊர் மண்டபத்தில் ஒரு சிறு கண்காட்சி வைக்கப் போகிறார்கள். எங்களுக்குக் கிடைத்திருப்பவை மூன்று பலகைகளும் ஒரு மேசையும்தான்.

முதல் பலகையைப் பற்றிக் கருத்து வேறுபாடு எழுந்திருக்கிறது. 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் பிரேசிலின் தபஜோஸ் ஆற்றுப் பகுதியில் திரட்டிய ஏறத்தாழ 70,000 விதைகள் இலண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தை அடைந்ததும், அவற்றில் மிகச் சிறு பங்கே முளைத்ததும், மறு ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்ததும், அவற்றுள் 9 கன்றுகளைப் பேராக் ரெசிடெண்டாக (பிரிட்டிஷ் ஆலோசக அதிகாரியாக) இருந்த ஹியூ லோ கோலகங்சாரில் நட்டதும் எல்லா நூல்களிலும் உள்ளவை. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்புக்கு வந்த ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி, கேட்க விரும்பாத துரைமார்களிடமும் ரப்பரைப் பற்றிப் பேசிப் பேசி, சட்டைப் பையில் விதைகளை வைத்துக்கொண்டு கண்டவர் கையிலெல்லாம் திணித்து, "கிறுக்கு ரிட்லி" என்ற பட்டத்தையும் வாங்கினார். மாணவர்களுக்கு இந்த மனிதர் மிகவும் பிடித்துவிட்டது. "ஒருவரின் ஆர்வம் ஒரு நாட்டை மாற்றியது" என்று பெரிய எழுத்தில் தலைப்பிட வேண்டும் என்கிறார்கள்.

மண்டபக் குழுவிலுள்ள மூத்தவர் ஒருவர் இதை ஏற்கவில்லை. மோட்டார் வண்டி வந்தது, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது, முதலாளிகள் காட்டை அழித்து நட்டார்கள், நம் மக்கள் பாடுபட்டார்கள். இதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ஆர்வத்துக்கு என்ன வேலை என்பது அவர் கேள்வி. இரு தரப்பிலும் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுவதால் என்னால் தீர்ப்புச் சொல்ல இயலவில்லை. ரிட்லி இல்லாமலே இது நடந்திருக்குமா? துறைமுகத்தின் கதையை மரத்தின் கதையோடு எந்த இடத்தில் இணைப்பது? மேசை மீது எதை வைத்தால் பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள்? பால்வெட்டையும் துறைமுகத்தையும் நேரில் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பால்காட்டுக்காரர் எழுதியது:

வணக்கம், ஆசிரியை அவர்களே. இளம் வயதில் மரம் வெட்டினேன். பிற்காலத்தில் வெட்டுக்காரர்களை மேற்பார்வையிட்டேன். அதனால் கையால் அறிந்த பகுதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ரிட்லியின் பேச்சைப் பலரும் எடுத்துச் சொல்கிறார்கள். அவருடைய கத்தியைப் பற்றிச் சொல்வோர் குறைவு. பிரேசில் காடுகளில் பால் எடுத்தவர்கள் சிறு கோடரியால் மரத்தைக் கொத்தினார்கள். கோடரி பட்டையோடு நிற்பதில்லை. அடியிலுள்ள கட்டையையும் காயப்படுத்தும். அந்தக் காயம் ஆறும்போது பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அடுத்த முறை வெட்டுவதற்குச் சமமான இடம் இராது. காட்டில் மரங்கள் ஏராளமாக இருந்தவரையில் இது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. ஏக்கர் கணக்கில் நட்டு, ஆறேழு ஆண்டுகள் வளர்த்து, அதன் பிறகு பல ஆண்டுகளுக்குப் பால் எடுக்க வேண்டிய தோட்டத்துக்கு அந்த முறை ஒருபோதும் உதவாது. 1890-களில் ரிட்லி சிங்கப்பூரில் வளர்ந்து நின்ற மரங்களில் வெவ்வேறு விதமாக வெட்டிப் பார்த்தார். புதிய இடத்தில் கொத்துவதைவிட, முன்பு வெட்டிய சாய்கோட்டின் கீழ்விளிம்பையே மெல்லிதாகச் சீவித் திறந்தால் பால் முன்னிலும் அதிகமாக வருகிறது என்பதையும், விடியற்காலையில் வெட்டினால் ஓட்டம் நன்றாக இருக்கிறது என்பதையும் கண்டறிந்தார். முதலில் நடுவே ஒரு செங்குத்துக் கால்வாயும் இருபுறமும் மீன்முள்ளைப் போன்ற சாய்கோடுகளுமாக வெட்டினார்கள். பின்னர் மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு ஒரே கோடு என்னும் முறை நிலைபெற்றது.

அந்த ஒற்றைக் கோட்டைப் பிள்ளைகள் அருகில் பார்க்க வேண்டும். அது இடப்பக்கம் மேலேயும் வலப்பக்கம் கீழேயுமாக, ஏறத்தாழ 30 பாகை சரிவில் இறங்கும். பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் நேராக மேலே செல்லாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால், இந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகமான குழாய்கள் அறுபடும். திசையை மாற்றி வெட்டினால் அதே உழைப்புக்குப் பால் குறையும். ஒவ்வொரு வெட்டுக்கும் உளி (பால்வெட்டும் கத்தி) எடுத்துச் செல்லும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆழமோ அதைவிட நுட்பமானது. பால் குழாய்கள் மிகுதியாக இருப்பது பட்டையின் உட்புறத்தில். ஆகவே ஆழமாகப் போகவும் வேண்டும், ஆனால் கட்டையை ஒட்டியிருக்கும் வளர்படலத்தைத் தொடவும் கூடாது. இடையில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையை விட்டுவைப்பதுதான் நல்ல வெட்டுக்காரரின் அடையாளம். விடியும் முன்னே, நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், 400 முதல் 500 மரங்கள் கொண்ட நிரையில் இதை மரத்துக்கு மரம் செய்தாக வேண்டும். கட்டையைத் தொட்டுவிட்டால் மேற்பார்வையிடும் கங்காணி காயத்தை எண்ணிக் குறித்துக்கொள்வார். தோட்டக் கணக்கரான கிராணியின் ஏட்டில் அது கூலிக் குறைப்பாகவோ ஏச்சாகவோ திரும்பி வரும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆர்வமுள்ளவர்கள் பலர் வந்து போயிருப்பார்கள். தம் ஆர்வத்தை இன்னொருவர் கையில் கொடுக்கக்கூடிய ஒரு வெட்டுமுறையாக ஆக்கியதில்தான் ரிட்லி வேறுபடுகிறார். தாவரவியல் படித்திராத என் தாயார் அந்த முறையைப் பார்த்துப் பழகிக் கற்றுக்கொண்டார். அவரிடமிருந்து நான் கற்றேன். அதே வேளையில், அந்த முறையைத் தினமும் பிழையின்றிச் செய்து காட்டியவர்கள் வெட்டுக்காரர்கள்தாம் என்பதையும் பலகையில் எழுதுங்கள். மேசை மீது ஓர் உளி, பால் பிடிக்கும் கிண்ணமான மங்கு ஒன்று, வெட்டுக்கோடு தெரியும் மரத்துண்டு ஒன்று ஆகியவற்றை வையுங்கள். பட்டை மீண்டும் வளர்ந்து மூடிய பகுதியும் அத்துண்டில் இருந்தால் மிகவும் நல்லது; பிள்ளைகள் அதைத் தடவிப் பார்க்கட்டும்.

கிள்ளான் ரயிலடி எழுதியது:

துறைமுகத்தைப் பற்றிய கேள்விக்கு என் பங்கு. போர்ட் சுவெட்டன்ஹாமை, அதாவது இன்றைய போர்ட் கிள்ளானை, ரப்பருக்காகக் கட்டப்பட்ட துறைமுகம் என்று பலகையில் எழுதிவிடாதீர்கள். அது திட்டமிடப்பட்ட காலத்தில் சிலாங்கூரின் பெருஞ்செல்வம் ஈயம். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை 1886-இல் ரயில் பாதை வந்தது. 1890-இல் ஆற்றைக் கடந்து கிள்ளானை எட்டியது. ஆனால் கிள்ளான், ஆற்றின் உட்பகுதியில் அமைந்த துறை. பெரிய நீராவிக் கப்பல்கள் அங்கு வந்து திரும்புவது கடினம். ஆகவே பாதையை முகத்துவாரம் வரை நீட்டி, கரையை ஒட்டி ஆழமும் எதிரே உள்ள தீவுகளின் மறைவும் கொண்ட இடத்தில் புதிய துறைமுகத்தை அமைத்தார்கள். ரயில் 1899-இல் அங்குச் சென்றது. துறைமுகம் 1901 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அதற்கு, மலாய் மாநிலக் கூட்டமைப்பின் முதல் ரெசிடெண்டு ஜெனரலான பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயர் இடப்பட்டது. 1972 முதல் போர்ட் கிள்ளான் என்ற பெயரே வழங்குகிறது. இன்றும் நம் வீட்டுப் பெரியவர்கள் பழைய பெயரையே சொல்வதைக் கேட்கலாம்.

திறந்த சில மாதங்களுக்குள் அத்துறைமுகம் மூடப்படும் நிலைக்குச் சென்றது. இந்தப் பகுதியைத்தான் உங்கள் இரண்டாம் பலகையின் நடுவில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. பாக்காவ் (அலையாத்தி) மரங்கள் நிறைந்த சதுப்பு நிலத்தை வெட்டித் துறைமுகம் அமைத்திருந்தார்கள். அங்கு வேலை செய்தவர்கள் அடுத்தடுத்து மலேரியாக் காய்ச்சலில் விழுந்தார்கள். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் இந்தியாவில் கண்டறிந்து அப்போது நான்கு ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. 1901-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் அந்தப் புதிய அறிவை நம்பினார். மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் மட்டும் போதாது, நீர் தேங்கும் இடத்தையே இல்லாமல் செய்ய வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். கரை எழுப்பிக் கடல்நீரைத் தடுத்தார்கள், வடிகால் வெட்டினார்கள், காட்டை அகற்றினார்கள். கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் பெருமளவு குறைந்தது, துறைமுகமும் பிழைத்தது.

இதற்கு அடுத்த கட்டம், ஆர்வத்தைப் பற்றி விவாதிக்கும் உங்கள் மாணவர்களுக்கு இன்னும் பயனுள்ளது. கரையோரத்தில் வெற்றி பெற்ற முறையை உள்நாட்டு மலைத் தோட்டங்களிலும் அப்படியே பின்பற்றினார்கள். காட்டை வெட்டி ஓடைகளைத் திறந்துவிட்டார்கள். அங்கே காய்ச்சல் குறையவில்லை, மாறாகப் பெருகியது. கரையோரச் சதுப்பில் நோயைப் பரப்பிய கொசு நிழலை விரும்புவது. மலையடிவாரத்துக் கொசு வேறு இனம், அது வெயில் படும் தெளிந்த ஓடை நீரில் பெருகுவது. நிழலை அகற்றியது முதல் கொசுவுக்கு அழிவாகவும் இரண்டாம் கொசுவுக்கு வாழ்வாகவும் முடிந்தது. வாட்சன் இதைப் பிரித்தறிந்த பிறகு மலைத் தோட்டங்களில் நிலத்துக்கடியில் குழாய் பதித்து நீரை வடிப்பதும், ஓடைகளில் எண்ணெய் தெளிப்பதும் நடைமுறைக்கு வந்தன. அவ்விரு கட்டங்களுக்கு இடைப்பட்ட காலத்தில் இறந்தவர்களில் மிகப் பலர் தென்னிந்தியாவிலிருந்து புதிதாக வந்து இறங்கிய தோட்டத் தொழிலாளர்கள் என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும்.

மரத்தையும் துறைமுகத்தையும் இணைக்கும் இடம் இதுதான். அதே துறைமுகம் வழியாக ரப்பர் வெளியே சென்றது. நம் மக்கள் உள்ளே வந்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கினார்கள். தனிமைப்படுத்தும் முகாமில் தங்கவைக்கப்பட்டு, அதன் பிறகு தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். உங்கள் காப்பாருக்கும் அத்துறைமுகத்துக்கும் இடையே உள்ள தொலைவு மிகக் குறைவு. வரைபடத்தில் ஒரு கோட்டை இழுத்து, ஒரு முனையில் மரத்தையும் மறுமுனையில் கப்பலையும் வரைந்தாலே பலகை நிறைந்துவிடும்.

காப்பார் ஆசிரியை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பால்வெட்டு விளக்கத்தை வகுப்பில் உரக்கப் படித்தேன். ஒரு மில்லிமீட்டர் என்றதும் பிள்ளைகள் அளவுகோலை எடுத்துப் பார்த்தார்கள். ஆயினும் முதல் கேள்வி இன்னும் நிற்கிறது. மோட்டார் வண்டிகள் எப்படியும் வந்திருக்கும்; விலை ஏறியதும் யாராவது நட்டிருப்பார்கள் அல்லவா என்று ஒரு மாணவன் விடாமல் கேட்கிறான். குழுவின் மூத்தவரும் அதையே சொல்கிறார். இதற்கு விடை உண்டா?

நாற்றங்கால் எழுதியது:

அந்த மாணவனின் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு விடை மரத்தின் இயல்பிலேயே இருக்கிறது.

ரப்பர் மரத்தை நட்டால், அடிமரம் வெட்டுக்குத் தாங்கும் பருமனை அடைவதற்கு ஆறேழு ஆண்டுகள் ஆகும். விலை ஏறிய பிறகு நடுகிறவர், அந்த விலை இறங்கிய பிறகு பால் எடுக்கும் நிலை வரலாம். ஆகவே இந்தப் பயிரில் யாராவது ஒருவர், சந்தை அழைக்காத காலத்திலேயே, நடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ரிட்லி சொல்லத் தொடங்கியபோது சந்தை அழைக்கவில்லை. கிள்ளான் வட்டாரம் உட்பட சிலாங்கூர்த் தோட்டங்களில் அப்போது காப்பி இருந்தது. அதற்கு நல்ல விலையும் இருந்தது. காப்பிச் செடியைப் பிடுங்கிவிட்டு, முன்பின் கண்டிராத ஒரு காட்டு மரத்தை நட்டு ஆறு ஆண்டுகள் காத்திருக்கச் சொல்பவரைக் கிறுக்கர் என்று அழைத்ததில் வியப்பில்லை. துரைமார்களின் இடத்தில் நாம் இருந்தாலும் அப்படித்தான் அழைத்திருப்போம்.

அவரை நம்பியவர்கள் மிகச் சிலர். மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் நட்டார். இந்நாட்டின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் என்று அதையே குறிப்பிடுகிறார்கள். காஜாங்கில் கிண்டர்ஸ்லி சகோதரர்களும் ஏறக்குறைய அதே காலத்தில் நட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பிரேசிலின் மிகை விளைச்சலால் காப்பி விலை சரிந்தது. இங்கே பூச்சியும் நோயும் சேர்ந்துகொண்டன. அப்போது மாற்றுப் பயிரைத் தேடியவர்களுக்கு விதை கிடைத்தது, வெட்டும் முறை தெரிந்திருந்தது, வளர்ந்து நிற்கும் மரத்தைக் கண்ணால் பார்க்கவும் முடிந்தது. 1908-இல் போர்டு நிறுவனத்தின் டி மாடல் வண்டி வந்து, 1910-இல் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டபோது, இங்கே வெட்டுவதற்கு மரங்கள் தயாராக இருந்தன. 1920-களில் உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து சென்றது. ரிட்லி இல்லாவிட்டாலும் ரப்பர் என்றேனும் வந்திருக்கும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். சிலோனிலும் கன்றுகள் இருந்தன. ஆனால் இந்நாட்டுக்கு அது பத்து ஆண்டுகள் பிந்தி வந்திருந்தால், அந்த உச்ச விலை வேறு யாருக்கோ போயிருக்கும். அவருடைய ஆர்வம் வாங்கிக் கொடுத்தது அந்தக் காலத்தைத்தான்.

விதையைப் பற்றியும் ஒரு சொல். பால் மரத்தின் காய் முற்றியதும் நடுப்பகலில் "படார்" என்று வெடித்து, மூன்று விதைகளையும் தூர எறியும். பளபளப்பான அந்தப் புள்ளி விதையைச் சிமெந்துத் தரையில் தேய்த்துச் சூடேற்றிப் பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்துவிட்டு ஓடாத தோட்டத்துப் பிள்ளை இருக்க முடியாது. அவ்வளவு கெட்டியாகத் தோன்றும் அந்த விதை, சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும். எண்ணெய்ச் சத்து மிகுந்த பருப்பு விரைவில் கெடுவதே காரணம். விக்கமின் 70,000 விதைகளில் பெரும்பாலானவை வீணானதும் இதனால்தான். ஈரப்பதமான கரித்தூளில் பொதிந்து அனுப்பினால் நெடுந்தொலைவுக்கும் உயிரோடு போய்ச் சேரும் என்பதையும் ரிட்லி சோதித்து அறிந்தார். பைநிறைய விதை வைத்திருந்தார் என்ற கதையைவிட இது எனக்கு மேலானதாகத் தோன்றுகிறது.

மாணவர்கள் ஆர்வத்தை அளவுக்கு மீறிப் போற்றிவிடக் கூடாது என்று மூத்தவர் அஞ்சினால், ஹென்றி போர்டின் கதையை ஓரத்தில் சேர்த்துவிடுங்கள். டயருக்குத் தாமே ரப்பர் விளைவிப்பது என்று முடிவு செய்து, 1920-களின் பிற்பகுதியில், விக்கம் விதை எடுத்த அதே தபஜோஸ் ஆற்றங்கரையில் ஏறத்தாழ பத்து இலட்சம் எக்டர் நிலத்தை அவர் பெற்றார். போர்ட்லாண்டியா என்ற நகரத்தையே எழுப்பினார். ஆர்வத்துக்கும் குறைவில்லை, பணத்துக்கும் குறைவில்லை. ஆனால் மரங்களை நெருக்கி நட்டுக் கிளைகள் ஒன்றோடொன்று சேர்ந்தவுடன், அந்த மண்ணுக்கே உரிய பூஞ்சை ஒன்று இலைக்கு இலை தாவித் தோட்டத்தையே மொட்டையாக்கியது. காட்டில் அம்மரங்கள் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று தொலைவில் வளர்ந்ததால்தான் அந்த நோயிலிருந்து தப்பியிருந்தன. மலாயாவின் மரங்கள் விதையாகவும் கன்றாகவும் கியூ வழியே வந்ததால் அப்பூஞ்சை உடன் வரவில்லை. நெருக்கி நட்டும் பிழைத்தன. போர்டு ஒரு முறைகூட அங்குச் சென்று பார்க்கவில்லை. 1945-இல் அந்நிலம் பிரேசில் அரசிடமே பெரும் இழப்புக்கு விற்கப்பட்டது. ரிட்லி மரத்தடியிலேயே நின்றார் என்பது இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும்.

மேரு சாலை எழுதியது:

மேலே எழுதிய மூவரின் விளக்கங்களும் சிறப்பானவை. எனினும் மூத்தவரின் வருத்தத்துக்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

ரிட்லிக்கு ஆர்வம் காட்டும் வாய்ப்பு இருந்தது. சம்பளமும் தோட்டமும் உதவியாளர்களும் இருந்தன. நம் முன்னோர் ஆர்வத்தால் கப்பலேறவில்லை. பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் தள்ளின. ஆள் திரட்ட ஊருக்கு வந்த கங்காணியின் முன்பணமும் வாக்குறுதியும் இழுத்தன. ஒப்பந்தக் கூலி முறைக்கு ஆள் எடுப்பது 1910-இல் நிறுத்தப்பட்ட பின்னரும் கங்காணி முறை 1938 வரை நீடித்தது. ஆகவே "ஒருவரின் ஆர்வம் ஒரு நாட்டை மாற்றியது" என்ற தலைப்பின் கீழ் நம் பாட்டன் பாட்டியின் படத்தை மாட்டினால், அவர்களும் ஏதோ உற்சாகத்தோடு இந்த வேலைக்கு வந்தவர்கள் என்ற தவறான எண்ணம் பிள்ளைகள் மனத்தில் பதிந்துவிடும். ரிட்லியின் பலகையில் ரிட்லியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள். தொழிலாளர்களின் பலகையில் அந்தச் சொல்லே வர வேண்டாம். அங்குக் கூலியும் கடனும் காய்ச்சலும் வரட்டும், தேர்ச்சியும் வரட்டும். பால்காட்டுக்காரர் ஐயா விளக்கிய அந்த ஒரு மில்லிமீட்டர், ஆர்வத்தால் வந்ததன்று. வயிற்றுக்காக வந்த தேர்ச்சி.

பால்காட்டுக்காரர் எழுதியது:

மேரு சாலைத் தம்பி சொல்வதில் பெரும்பகுதி உண்மை. ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொல்ல அனுமதியுங்கள். கூலிக்காகத்தான் வெட்டினோம், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் தன் நிரையில் ஒரு மரத்துக்கும் காயம் இல்லை என்பதில் பெருமை கொண்டவர்களும், புதிதாக வந்தவருக்கு உளி தீட்டுவதை யாரும் கேட்காமலே சொல்லிக் கொடுத்தவர்களும் எங்களுக்குள் இருந்தார்கள். அவர்களுக்கு ஆர்வமே இல்லை என்று நாம் தீர்மானித்துவிட வேண்டாம். கடன் கட்டாயப்படுத்திக் கொண்டுவந்த வேலையிலும் சிலர் அதைத் தமதாக்கிக் கொண்டார்கள்.

மேரு சாலை எழுதியது:

ஐயா, அதை ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் அதை உங்கள் வாயால் சொன்னதாகவே பலகையில் எழுதட்டும். குழு எழுதியதாக வேண்டாம். அதைச் சொல்லும் உரிமை வெட்டியவருக்கே உண்டு.

காப்பார் ஆசிரியை எழுதியது:

மாணவர்களுடனும் மூத்தவருடனும் அமர்ந்து பேசி முடிவு செய்துவிட்டோம். தலைப்பு மாறுகிறது. முதல் பலகை "விலை ஏறும் முன்னே" என்ற பெயரில் 1876 முதல் 1910 வரையிலான காலத்தை ஆண்டுக் கோடாகக் காட்டும். ரிட்லி, டான் சே யான், காப்பியின் வீழ்ச்சி ஆகிய மூன்றும் அதில் வரும், போர்ட்லாண்டியா ஓரத்தில் சிறு கட்டமாக வரும். இரண்டாம் பலகை துறைமுகத்துக்கும் இரண்டு கொசுக்களுக்கும் உரியது. கொசு ஓவியத்தை வரைவதற்கு இப்போதே இரண்டு மாணவிகள் போட்டியிடுகிறார்கள். மூன்றாம் பலகை வெட்டுக்காரர்களுக்கு. அதில் பால்காட்டுக்காரர் ஐயாவின் சொற்களை, அவர் இசைந்தால், அப்படியே எழுதுவோம். மூன்றாம் பலகைக்கு மற்ற இரண்டைவிடக் கூடுதல் அகலம் வேண்டும் என்று மூத்தவர் கேட்டார். பிள்ளைகள் மறுப்பின்றி ஒப்புக்கொண்டார்கள்.

மேசைக்கு மங்கும் வாளியும் கிடைத்துவிட்டன. வெட்டுக்கோடு உள்ள மரத்துண்டும் நல்ல உளியும்தான் இன்னும் அகப்படவில்லை. செம்பனைக்கு மாறிய தோட்டங்களில் எல்லைக்கோட்டை ஒட்டிப் பழைய பால் மரங்கள் எங்கேனும் விடுபட்டிருந்தால், அல்லது காற்றில் சாய்ந்த மரம் யாருடைய சிறுதோட்டத்திலாவது கிடந்தால், தயவுசெய்து இங்கே தெரிவியுங்கள்.

பால்காட்டுக்காரர் எழுதியது:

என் சொற்களைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். உளி என்னிடம் இரண்டு உள்ளன. ஒன்றைத் தீட்டாமல் தருகிறேன், பிள்ளைகள் கையில் எடுப்பதற்கு அதுவே பாதுகாப்பு. மரத்துண்டுக்கு என் மைத்துனரின் சிறுதோட்டத்தில் கேட்டுப் பார்க்கிறேன்; அங்கு மறுநடவுக்காக முதிய மரங்களைச் சாய்த்துக்கொண்டிருக்கிறார்கள். துண்டை அறுக்கும்போது வெட்டுக்கோட்டுக்கு மேலே ஒரு முழமும் கீழே ஒரு முழமும் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். மேற்பகுதியில் மறுபட்டை வளர்ந்த தழும்பும், கீழ்ப்பகுதியில் இன்னும் வெட்டப்படாத பட்டையும் சேர்ந்து தெரிய வேண்டும். அறுத்த முகத்தில் மெழுகு பூசினால் பிளக்காது.